ஐசியூ நர்ஸின் மனம் எப்போது வேலையில் ஒன்றுகிறது?

அதிகாலை 3 மணி. கட்டிலில் இருப்பவர் வென்டிலேட்டரில் இருக்கிறார். மயக்க மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கூப்பிட்டால் கண் திறக்க மாட்டார். அவரை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டிய நேரம். நர்ஸ் அவர் காதருகே குனிந்து, "ஐயா, உங்கள வலது பக்கமா திருப்பப் போறோம், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்கிறார். வாயிலிருந்து வரும் குழாய் இழுபடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உதவிக்கு வந்தவரிடம் கண்ணாலேயே சொல்லித் திருப்புகிறார். முதுகிலும் இடுப்பிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறார். குழாயைக் கட்டிய நாடா கன்னத்தில் அழுத்தித் தடம் விட்டிருக்கிறது. அதை அவிழ்த்து, இடம் மாற்றிக் கட்டுகிறார்.

இதை யாரும் பார்க்கவில்லை. சார்ட்டில் 'நோயாளி திருப்பப்பட்டார்' என்று ஒரு வரி ஏறும், அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசாமல், கன்னத்தைக் கவனிக்காமல் திருப்பியிருந்தாலும் அதே வரிதான் ஏறியிருக்கும். அந்த வரிக்குள் அடங்காமல் வெளியே நிற்கிறதே, அதற்குத்தான் ஆய்வாளர்கள் பணி ஈடுபாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் பல வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில், அதாவது எல்லோரும் சொல்கிற ஐசியூவில், நர்ஸாக வேலை பார்த்தவள். காதருகே குனிந்து பேசும் பழக்கம் என்னிடம் இருந்த காலமும் உண்டு, எனக்கே தெரியாமல் விட்டுப்போன காலமும் உண்டு. இரண்டு காலத்திலும் நான் அதே ஆள்தான். படித்த படிப்பு மாறவில்லை, கைப்பக்குவம் குறையவில்லை. பிறகு என்னதான் மாறியது? அந்தக் கேள்விக்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று தேடிப் படித்தபோதுதான் எனக்கே என்னைப் பற்றிப் பல விஷயங்கள் புரிந்தன.

ஈடுபாடு என்று எதைச் சொல்கிறோம்

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் வில்லியம் கான் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1990-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு மருத்துவமனையில் நடந்ததல்ல. ஒரு கோடைக்கால முகாமிலும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்திலும் வேலை செய்தவர்களை அவர் கவனித்தார். ஒரே ஆள் ஒரு வேளையில் தன்னை முழுசாக வேலைக்குள் கொண்டுவருகிறார். இன்னொரு வேளையில் உடம்பை மட்டும் அனுப்பிவிட்டு மனதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். முழுசாக வருவதற்கு மூன்று விஷயங்கள் அமைய வேண்டும் என்றார் கான். செய்யும் வேலைக்கு அர்த்தம் இருக்கிறது என்ற உணர்வு ஒன்று. மனதில் பட்டதைச் சொன்னால் நமக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியம் இன்னொன்று. மூன்றாவது, கொடுப்பதற்கு உடம்பிலும் மனதிலும் மிச்சம் ஏதாவது இருப்பது.

பிறகு 2002-இல் நெதர்லாந்தின் வில்மார் ஷௌஃபெலியும் அவருடைய சகாக்களும் ஈடுபாட்டை அளந்து பார்க்கும்படி விளக்கினார்கள். அவர்கள் சொன்ன அடையாளங்களும் மூன்று: துடிப்பு, அர்ப்பணிப்பு, ஒன்றிப்போதல். வேலை கடினமானாலும் தளராமல் நிற்கிற தெம்புதான் துடிப்பு. இந்த வேலை முக்கியமானது, இதைச் செய்வதில் எனக்குப் பெருமை என்ற நினைப்பு அர்ப்பணிப்பு. நேரம் போவது தெரியாமல் வேலைக்குள் இறங்கிவிடுவது ஒன்றிப்போதல். உட்ரெக்ட் அளவுகோல் என்ற கேள்விப் பட்டியல் இந்த மூன்றையும்தான் அளக்கிறது. அதில் 17 கேள்விகள். 9 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதற்கு 0, 'எப்போதும்' என்பதற்கு 6 என்று பதில் சொல்ல வேண்டும். ஐசியூ நர்ஸ்களைப் பற்றிய ஆய்வுகளிலும் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஈடுபாடும் வேலைத் திருப்தியும் ஒன்றல்ல. சம்பளம் நேரத்துக்கு வருகிறது, வீடு பக்கத்தில் இருக்கிறது, தொந்தரவு இல்லை என்று ஒருவர் திருப்தியாக இருக்கலாம். ஆனாலும் மனம் வேலையில் இல்லாமல் இருக்கலாம். அதேபோல, லீவு எடுத்தால் குற்றவுணர்ச்சி வருகிறது, வேலையை விட்டு நகரவே முடியவில்லை என்பது ஈடுபாடு இல்லை. அது ஒருவகைப் பிடிப்பு, ஆளைத் தின்றுவிடும். ஈடுபாடு உள்ளவர் ஷிப்ட் முடிந்ததும் நிம்மதியாகக் கிளம்புவார். பர்ன்-அவுட் என்கிற பணிச்சோர்வு ஒருவரிடம் இல்லை என்பதற்காக அவரிடம் ஈடுபாடு இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் நடுவே, சோர்வும் இல்லாமல் சுடரும் இல்லாமல் வந்து போகிறவர்கள் நிறையப் பேர்.

சுமையும் கைகொடுப்பதும்

2001-இல் எவாஞ்சலியா டெமெரூட்டி, ஆர்னல்ட் பக்கர் உள்ளிட்ட நால்வர் ஒரு கட்டமைப்பை முன்வைத்தார்கள். எந்த வேலையையும் இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பதுதான் அதன் சாரம். ஒரு பக்கம், நம்மிடமிருந்து எடுப்பவை: நோயாளிகளின் எண்ணிக்கை, இரவு ஷிப்ட், அலாரம், மரணம், கோபத்தில் இருக்கும் உறவினர்கள். இவை வேலைச் சுமைகள். இன்னொரு பக்கம், நமக்குக் கைகொடுப்பவை: போதுமான ஆட்கள், நல்ல இன்சார்ஜ் (பிரிவை நடத்தும் மூத்த நர்ஸ்), கூட நிற்கும் சகாக்கள், கற்றுக்கொள்ள வாய்ப்பு, நம் பேச்சுக்கு மதிப்பு. இவை வேலை வளங்கள். சுமை ஏற ஏற ஆள் சோர்ந்துபோகிறார். கைகொடுப்பவை குறையக் குறைய மனம் வேலையை விட்டு விலகுகிறது.

இதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது பின்னால் வந்த ஒரு கண்டுபிடிப்பு. 2007-இல் பின்லாந்து ஆசிரியர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், வேலை எளிதாக இருக்கும்போதைவிட நெருக்கடி அதிகமாக இருக்கும்போதுதான் வளங்கள் ஈடுபாட்டை அதிகம் தாங்கிப்பிடிக்கின்றன என்று தெரிந்தது. ஐசியூவில் நெருக்கடி இல்லாத நாளே கிடையாது. ஆகவே நல்ல இன்சார்ஜ், பேச முடிகிற சூழல் போன்றவற்றை 'இருந்தால் நல்லது' என்று தள்ளிவைக்க முடியாது. மற்ற வார்டுகளில் அது வசதி. இங்கே அதுதான் அஸ்திவாரம்.

சுமை எல்லாமும் ஒரே ரகம் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். நோயாளியின் ரத்த அழுத்தம் சட்டென்று சரிகிறது, ஐந்து பேர் ஓடி வருகிறார்கள், அரை மணி நேரம் போராடி அவரை நிலைப்படுத்துகிறார்கள். உடம்பு நனைந்துபோகும், ஆனால் மனம் நிறைந்திருக்கும். இதற்காகத்தானே இந்த வேலைக்கு வந்தோம் என்று தோன்றும். அதே அரை மணி நேரம், மருந்தைச் சீராகச் செலுத்தும் பழுதில்லாத சிரிஞ்ச் பம்ப் ஒன்றைத் தேடி மூன்று வார்டு அலைந்தால்? அதுவும் உழைப்புதான், அந்தக் களைப்பில் கசப்பு மட்டும்தான் மிஞ்சும். முதல் வகையைச் சவால் என்றும் இரண்டாவதைத் தடங்கல் என்றும் ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். ஐசியூ நர்ஸ்கள் பெரும்பாலும் சவாலைப் பார்த்து ஓடுவதில்லை. அவர்களை அரித்துத் தின்பவை தடங்கல்கள்தான். ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதுவது, சாமான் இல்லாதது, யாரும் எடுக்காத போன், கடைசி நேரத்தில் மாறும் ஷிப்ட் பட்டியல்.

அலாரத்தையே எடுத்துக்கொள்வோம். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் 77 ஐசியூ படுக்கைகளில் 31 நாட்கள் மானிட்டர்களைக் கண்காணித்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட அலாரங்கள். காதில் கேட்டவை மட்டும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 187. இதயத்துடிப்புக் கோளாறு என்று சொன்ன அலாரங்களில் பரிசோதித்துப் பார்த்தவற்றில் சுமார் 89 சதவீதம் பொய். ஒருவர் உங்களை நாள் முழுக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பத்துக்கு ஒன்பது முறை 'ஒன்றுமில்லை' என்றால் எப்படி இருக்கும்? அதிலும் அந்தப் பத்தாவது முறை உயிர் சம்பந்தப்பட்டது என்றால்? ஒன்றிப்போதல் என்ற அடையாளம் இந்தச் சத்தத்துக்குள் எப்படிப் பிழைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணிக்கை

ஐசியூ இயந்திரங்களால் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிறந்தது கைகளால். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சு விட முடியாத நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, காற்றுப் பையைக் கையால் அழுத்தியே மூச்சுக் கொடுத்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சென் சொன்ன வழி அது. சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் மாறி மாறி உட்கார்ந்து, மணிக்கணக்கில், நாட்கணக்கில் பையை அழுத்தினார்கள். ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள். அடுத்த வருடமே ஐசியூ என்ற பிரிவு உருவானது அந்த எண்ணத்திலிருந்துதான்.

அதனால் ஐசியூவில் ஆள் எண்ணிக்கை வெறும் நிர்வாகக் கணக்கு இல்லை. நர்ஸ் எண்ணிக்கையைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று 2002-இல் வந்தது. லிண்டா எய்கென் தலைமையில் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் நடந்தது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் 7 சதவீதமும், நர்ஸ் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு விகிதம் 23 சதவீதமும் கூடுவதாகக் கண்டார்கள். கலிபோர்னியாவில் 1999-இல் சட்டம் இயற்றி, 2004-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி ஐசியூவில் ஒரு நர்ஸ் அதிகபட்சம் 2 நோயாளிகளைத்தான் பார்க்கலாம்.

இரண்டு நோயாளிகளுக்கும் மூன்று நோயாளிகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று என்று கணக்கு சொல்லும். உள்ளே நிற்பவருக்கு அப்படி இல்லை. இரண்டு பேர் இருக்கும்போது நோயாளியைப் பார்க்கிறோம். மூன்றாவது ஆள் வந்ததும் நேரத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறோம். மருந்து, சக்‌ஷன் (குழாய் வழியாகச் சளியை உறிஞ்சி எடுப்பது), சார்ட், மறுபடி மருந்து. காதருகே குனியும் அந்த ஐந்து விநாடிதான் முதலில் வெட்டுப்படும், ஏனென்றால் அது எந்தப் படிவத்திலும் இல்லை.

பேச முடிகிறதா?

இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் எண்ணிக்கைப் பற்றாக்குறை கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரிவதில்லை.

12 மணி நேரம் ஒரே நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் நர்ஸ். சிறுநீர் எப்போது குறைய ஆரம்பித்தது, எந்த மருந்துக்குப் பிறகு அவர் அமைதியானார், எந்தக் குரல் கேட்டதும் துடிப்பு ஏறியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். காலை ரவுண்ட்ஸில் மருத்துவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பேசுகிறார்கள். நர்ஸிடம் "சிஸ்டர், நைட்டு எப்படி இருந்தாங்க? நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால், அவர் அந்த அணியில் ஒருவர். கேட்காமல் அவர் தலைக்கு மேலே பேசிவிட்டு நகர்ந்தால், சொன்னதைச் செய்கிற கை மட்டும்தான் அவர். நாளாக நாளாகக் கவனித்ததை மனதில் குறித்துவைக்கும் பழக்கமே போய்விடும். யாரும் கேட்காததை எதற்காகக் கவனிக்க வேண்டும்?

சொன்னால் ஆபத்து வராது என்ற நம்பிக்கைக்கு உளப் பாதுகாப்பு என்று பெயர். அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மன்சன் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996-இல் எழுதினார். நல்ல தலைமையும் நல்ல உறவும் உள்ள குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகளோ அங்கேதான் அதிகமாக இருந்தன. காரணத்தைத் தேடியபோது புரிந்தது: அங்கே இருப்பவர்கள் தவற்றை மறைக்காமல் சொல்கிறார்கள்.

இன்னொரு உதாரணம் மிச்சிகனில் நடந்தது. பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற ஐசியூ மருத்துவர், சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய், போடும்போது தொற்று வராமல் தடுக்க ஐந்து எளிய படிகளைப் பட்டியலிட்டார்: கை கழுவுவது, கிருமி நீக்கிய அங்கி, துணிகளால் உடலை முழுவதும் மூடித் தடுப்பது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைச் சுத்தம் செய்வது, முடிந்தவரை தொடைப் பக்கம் தவிர்ப்பது, தேவையில்லாத லைனை எடுத்துவிடுவது. படிகளில் புதுமை ஒன்றும் இல்லை. மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால், அவசரம் இல்லாத நேரத்தில் நர்ஸ் அவரை நிறுத்தலாம் என்று அதிகாரம் கொடுத்ததுதான் புதுமை. நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் இதை நடைமுறைப்படுத்தி 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். 1,000 லைன் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் லைன் இருந்தால் அது ஒரு லைன் நாள்) 2.7 ஆக இருந்த நடுமட்டத் தொற்று விகிதம், அதாவது ஐசியூக்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. இந்த ஆய்வு ஈடுபாட்டை அளக்கவில்லை. ஆனால் 'நிறுத்துங்க டாக்டர்' என்று சொல்லும் உரிமை கையில் இருக்கும் நர்ஸ், அந்த அறையில் எப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

மனசாட்சி உறுத்தும்போது

எது சரி என்று தெரிகிறது, அதைச் செய்ய விடாமல் ஏதோ தடுக்கிறது. இந்த நிலைக்கு 1984-இல் ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்ற தத்துவவாதி, நர்ஸிங்கைப் பற்றி எழுதும்போதே, ஒரு பெயர் வைத்தார். தமிழில் தார்மீக வேதனை என்கிறார்கள்.

ஐசியூவில் இது அடிக்கடி வரும். இனிப் பலன் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்ட ஒரு நோயாளிக்குச் சிகிச்சை தொடர்கிறது. குடும்பத்தால் விட முடியவில்லை. அல்லது அவர்களிடம் யாரும் தெளிவாகப் பேசவில்லை. முடிவெடுக்கும் அறையில் நர்ஸ் இல்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சக்‌ஷன் போடுவதும், ஊசி குத்துவதும், அந்த முகம் சுளிப்பதைப் பார்ப்பதும் அவர்தான். இப்படிப் பல மாதம் போனால் மனம் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடிக்கும்: உணர்வதை நிறுத்திவிடும். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் 'இவங்களுக்கு மனசே மரத்துப்போச்சு' என்பார்கள். மரத்துப்போவதற்கு முன்னால் அது எவ்வளவு வலித்தது என்று யாரும் கேட்பதில்லை. குடும்பத்தோடு நடக்கும் பேச்சில் நர்ஸையும் உட்காரவைப்பது, ஒரு மரணத்துக்குப் பிறகு அணியாக ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது போன்ற சின்ன ஏற்பாடுகள்கூட இங்கே பெரிய உதவி.

தொற்றிக்கொள்வது

பக்கர் குழுவினர் 2005-இல் ஐசியூ நர்ஸ்களைப் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 12 ஐரோப்பிய நாடுகள், 80 ஐசியூக்கள், 1,849 நர்ஸ்கள். சோர்ந்துபோன சகாக்கள் தன்னைச் சுற்றி எவ்வளவு பேர் என்று ஒருவர் உணர்கிறாரோ, அதைப் பொறுத்து அவருடைய சோர்வும் கூடியது. வேலைச் சூழலின் மற்ற காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்தத் தொற்று நின்றது. ஈடுபாடும் இப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது என்று வேறு வேலைக் குழுக்களில் கண்டிருக்கிறார்கள்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஹேண்ட்ஓவர் கொடுப்பவர் "நாலாம் நம்பர், அதே கதைதான்" என்று ஆரம்பித்தால், வாங்குபவருக்கு அந்த நோயாளி அன்று முழுக்க 'அதே கதை'தான். "நாலாம் நம்பர் ஐயா இன்னிக்குக் கையை லேசா அழுத்தினாரு, நீங்களும் பாருங்க" என்று ஆரம்பித்தால், அடுத்த 12 மணி நேரமும் ஒருவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சம்பளம், பதவி உயர்வு, தன்னம்பிக்கை, நம்பிக்கையோடு பார்க்கும் சுபாவம், அனுபவம், இவற்றுக்கும் பங்கு உண்டு. சம்பளம் நியாயமாக இல்லாவிட்டால் மற்ற எதைப் பேசியும் பயனில்லை. தனிமனித சுபாவத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: நர்ஸ்களுக்கு மனவலிமைப் பயிற்சி கொடுத்துவிட்டு, மூன்று நோயாளிகளையும் அப்படியே விட்டுவைப்பது தீர்வாகாது.

ஓய்வு வேறு விஷயம். சபீனா சொன்னென்டாக் 2003-இல் 147 பேரிடம் ஐந்து நாள் தினக்குறிப்பு வாங்கி ஆராய்ந்தார். முந்தைய நாள் ஓய்வில் நன்றாகத் தேறியவர்கள் மறுநாள் அதிக ஈடுபாட்டோடு இருந்தார்கள். வில்லியம் கான் சொன்ன 'மிச்சம்' இதுதான். லீவு நாளில் 'கொஞ்சம் வர முடியுமா' என்று போன் வந்தால் அந்த மிச்சம் போய்விடுகிறது.

அர்த்தம் திரும்பி வரும் வழி

ஐசியூவுக்கே உரிய ஒரு துக்கம் உண்டு. இறப்பவர்களை நாங்கள் பார்க்கிறோம், பிழைப்பவர்களைப் பார்ப்பதில்லை. கொஞ்சம் தேறியதும் அவர்கள் வார்டுக்குப் போய்விடுகிறார்கள். நடந்து வீட்டுக்குப் போவது எங்கள் கண்ணில் படுவதில்லை. பிழைத்தவர்களில் பலருக்கும் ஐசியூ நாட்கள் ஞாபகத்தில் இருப்பதில்லை. இருந்தாலும் பயங்கரக் கனவுபோல் குழம்பிக் கிடக்கும்.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் தொடங்கிய ஒரு பழக்கம் இந்த இரண்டுக்கும் மருந்தாக இருக்கிறது. நோயாளி மயக்கத்தில் இருக்கும் நாட்களில் நர்ஸ்களும் குடும்பத்தினரும் அவருக்காக ஒரு டைரி எழுதுகிறார்கள். 'இன்று உங்கள் மகள் வந்தார். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். நீங்கள் முதல் முறையாக வென்டிலேட்டர் இல்லாமல் பத்து நிமிடம் மூச்சு விட்டீர்கள்.' தேறிய பிறகு அவர் அதைப் படித்து, தொலைந்த நாட்களைத் திரும்பப் பெறுகிறார். எழுதும் நர்ஸுக்கும் இது ஒன்று செய்கிறது: கட்டிலில் இருப்பவர் நாளை இதைப் படிக்கப் போகும் ஒரு மனிதர் என்று ஒவ்வொரு வரியிலும் நினைக்கவைக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். காதருகே பேசுவது விட்டுப்போன காலத்தில் எனக்குப் பெரும்பாலும் மூன்று நோயாளிகள். சாப்பிடப் போனால் படுக்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ரவுண்ட்ஸில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அப்புறம் புதிதாக ஓர் இன்சார்ஜ் சிஸ்டர் வந்தார். உற்சாக வார்த்தை எதுவும் சொல்லவில்லை. ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்பே ஒட்டினார். ஓடாத பம்ப்புகளை ஒரு மூலையில் ஒதுக்கி, ரிப்பேருக்கு அனுப்பும்வரை நிர்வாகத்தை விடவில்லை. இரவில் என் படுக்கைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "போய் இருபது நிமிஷம் உக்காந்து சாப்பிடு, நான் பாத்துக்கறேன்" என்பார். ரவுண்ட்ஸில் மருத்துவரை நிறுத்தி, "இவங்ககிட்ட கேளுங்க சார், நைட்டெல்லாம் இவங்கதான் பாத்தாங்க" என்பார்.

இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். ஓர் இரவு ஒரு வயதான அம்மாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். உதவிக்கு வந்த ஜூனியர் பெண் நிமிர்ந்து, "என்ன சிஸ்டர் சொன்னீங்க?" என்று கேட்டாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா, கொஞ்சம் திருப்புறேன், பயப்படாதீங்க" என்று நான் சொன்னது கட்டிலில் இருந்தவரிடம்.